பிரேக்கை நம்பலாம், ஸ்டீயரிங்கை?

‘அடாஸ்’ எனப்படும் ஓட்டுநர் உதவி வசதி இருக்கிறதா என்று கேட்டுக் கார் வாங்கும் காலம் இது. 2021இல் எக்ஸ்யூவி700இல் வியந்து பார்க்கப்பட்ட வசதி, இரண்டே ஆண்டுகளில் வென்யூ போன்ற சிறிய கார் வரை வந்துவிட்டது. ஆனால், வாங்கியவர்களில் பலர் அதை அணைத்து வைத்துவிட்டே ஓட்டுகிறார்கள். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே கார் விடும் இடைவெளியில் ஒரு பைக் புகுந்துவிடும். கார் வேகத்தைக் குறைக்கும். பின்னால் வருபவர் ஹாரனை அலறவிடுவார். எரிச்சல் நியாயமானதுதான்.

எனக்குக் கவலை, பழகியபின் வரும் மிதமிஞ்சிய நம்பிக்கைதான். அடாஸ் என்பது ஒற்றை வசதியல்ல. மோதும் நிலையில் தானாக பிரேக் போடுவது, நாம் தவறும்போது மட்டும் குறுக்கிடும் காவல். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ் நடத்திய ஆய்வில், இவ்வசதியுள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியில் மோதுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அதை அணைப்பது அசட்டுத்தனம்.

லேனுக்குள் காரை வைத்திருப்பதும் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்வதும் வேறு ரகம். அவை வேலையை வாங்கிக்கொண்டு நம்மை மேற்பார்வையாளர் ஆக்குகின்றன. சும்மா பார்த்துக்கொண்டிருப்பது மனிதர்களுக்குக் கைவராத வேலை. ரேடார் பணியாளர்களை மனதில் வைத்து உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் நடத்தி, 1948இல் வெளியிட்ட சோதனையில், அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிந்தது. 2023 டிசம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் கார்களின் மென்பொருளைத் திருத்த நேர்ந்ததும், ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதவில்லை என்பதால்தான்.

இன்னொரு சிக்கல், நிற்கும் வண்டி. பாலம், பெயர்ப்பலகை என்று ரேடாரில் தெரியும் எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஓடாது. அதனால் அதிவேகத்தில் அசையாத பொருட்களைப் பல அமைப்புகள் ஒதுக்கிவிடக்கூடும். க்ரூஸ் கன்ட்ரோல் நிற்கும் வண்டியைக் கவனிக்காமல் போகலாம் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. நம் நெடுஞ்சாலையோரம் இரவில் விளக்கின்றி நிற்கும் லாரியை எண்ணிப் பாருங்கள். கோடு அழிந்த இடத்தில் லேன் உதவியும் கழன்றுகொள்ளும். திரையில் ஒரு சின்னம் நிறம் மாறுவதோடு சரி.

இதையெல்லாம் யார் சொல்லித்தருகிறார்கள்? ஓட்டுநர் உரிமத் தேர்வில் கேள்வியே இல்லை. ஷோரூமில் சன்ரூஃபுக்குக் கிடைக்கும் விளக்கம்கூட இதற்குக் கிடைப்பதில்லை. சாவியைக் கொடுக்கும் முன் வாங்குபவரை நெடுஞ்சாலைக்கு அழைத்துப்போய், கார் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று காட்டுவதை விற்பவரின் கடமையாக்க வேண்டும். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, படம் எடுப்பதற்கு நேரம் இருக்கும்போது, இதற்கும் ஓர் அரை மணி ஒதுக்கலாம்.