15 நாள் இணையம் இல்லையென்றால் பயிர் காத்திருக்குமா?

தொலைத்தொடர்புச் சட்டம் என்றாலே அது நகரத்துக்காரர்களின் விவகாரம், செல்பேசி நிறுவனங்களின் விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். வேளாண் துறைக் கூட்டங்களில்கூட யாரும் அதைப் பேசுவதில்லை. ஆனால் இன்று உர மூட்டை வாங்குவதில் தொடங்கி நெல்லை விற்றுப் பணம் பெறுவது வரை ஒரு விவசாயியின் பல வேலைகள் இணையத்தை நம்பியிருக்கின்றன. விதை, உரம், தண்ணீர் போல இணையமும் ஓர் இடுபொருளாகிவிட்டது. அதை எப்போது நிறுத்தலாம், எத்தனை நாள் நிறுத்தலாம் என்று ஒரு சட்டம் சொல்லும்போது, அதைப் படித்துப் பார்க்கும் கடமை நமக்கும் உண்டு.

சட்டம் சொல்வது என்ன?

1885-ம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக, 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. பொது நெருக்கடி ஏற்பட்டாலோ, பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டோ மத்திய, மாநில அரசுகள் தொலைத்தொடர்புச் சேவையை நிறுத்திவைக்கலாம் என்கிறது அதன் 20-வது பிரிவு. இதற்கான விதிகள் 2024 நவம்பரில் வெளியாயின. நிறுத்த உத்தரவு 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. காரணத்தையும், எந்தப் பகுதி என்பதையும் குறிப்பிட்டு உத்தரவை வெளியிட வேண்டும். 5 நாளுக்குள் ஒரு மறுஆய்வுக் குழு கூடி, அது சரிதானா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் நல்லவையே. 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் தாக்கம் இவற்றில் தெரிகிறது. இணையம் வழியாகத் தொழிலும் வணிகமும் செய்வதற்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. வதந்தி பரவிக் கலவரம் மூளும் நேரத்தில் அரசுக்கு இப்படியோர் அதிகாரம் தேவை என்பதையும் மறுப்பதற்கில்லை. கேள்வி எல்லாம், அந்த 15 நாள் வயலில் என்ன செய்யும் என்பதுதான்.

பயிருக்கு 15 நாள் என்பது எவ்வளவு?

மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். புழுப்பருவம் ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று வாரம். முதல் சில நாள்களில், இலையைச் சுரண்டித் தின்னும் சிறு புழுவாக இருக்கும்போதுதான் அதைக் கட்டுப்படுத்துவது எளிது. வளர்ந்து குருத்துக்குள் புகுந்துவிட்டால் தெளிக்கும் மருந்து புழுவைச் சேர்வது கடினம். இலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வேளாண்மை அலுவலருக்கு அனுப்பி, அன்றே பதில் பெறும் பழக்கம் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டது. அந்த வழி 15 நாள் அடைபட்டால், புழுவின் வாழ்நாளில் நாம் தலையிடக்கூடிய காலம் முழுவதும் கைநழுவிப் போகும்.

குறுகிய கால நெல்லின் வயது 105 முதல் 120 நாள். நட்ட மூன்றாவது வாரத்தில், தூர் கட்டும் பருவத்தில் ஒரு மேலுரம். கதிர் உருவாகும் பருவத்தில் இன்னொன்று. ஒரு கதிரில் எத்தனை மணி என்பது அந்தப் பருவத்தில்தான் முடிவாகிறது. அப்போது தவறவிட்ட தழைச்சத்தைப் பத்து நாள் கழித்து இரண்டு மடங்காக இட்டாலும் இழந்த மணிகள் திரும்ப வராது. நோயும் பூச்சியும்தான் கூடும்.

இதில் இணையம் எங்கே வருகிறது? மானிய உரம் விற்கும் கடைகளில் 2018 முதல் நாடு முழுவதும் பிஓஎஸ் கருவி நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலும் ஆதார் எண்ணைப் பதிந்து, விரலை வைத்த பிறகே விற்பனை பதிவாகிறது. கிடங்கு நிறைய யூரியா இருந்தாலும், கருவிக்கு இணைப்பு இல்லையென்றால் முறைப்படி மூட்டையை வெளியே எடுக்க முடியாது. பிரதமரின் கிசான் நிதிக்கான இ-கேஒய்சி, பயிர்க் காப்பீட்டுப் பதிவு, நேரடி நெல் கொள்முதல் நிலைய முன்பதிவு, உழவன் செயலி என்று பட்டியல் நீள்கிறது. களத்தில் கொட்டிவைத்த நெல் மழையில் நனைந்தால், அனுமதிக்கப்பட்ட 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டிவிடும். சில நாளில் முளைத்தும்விடும். ‘சர்வர் வரட்டும்’ என்று நெல் காத்திருக்காது.

நடந்த உதாரணங்கள்

இது கற்பனை அச்சம் இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டைத் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. ஒரு நகரத்தில் நடந்ததற்கு மூன்று மாவட்டத்துக் கிராமங்களும் துண்டிக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் விவசாயிகளின் டெல்லி பேரணியை ஒட்டி ஹரியானாவில் ஏழு மாவட்டங்களில் செல்பேசி இணையம் நிறுத்தப்பட்டது. அங்கே கோதுமையில் மஞ்சள் துரு நோயைக் கண்காணிக்க வேண்டிய பருவம் அது. பேரணிக்குப் போனவருக்கும், வீட்டில் இருந்து பயிர் பார்த்தவருக்கும் ஒரே தடைதான்.

இப்படிப்பட்ட நிறுத்தங்கள் பற்றி மத்திய அரசிடம் முறையான பதிவேடே இல்லை என்று தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021-ல் சுட்டிக்காட்டியது. எங்கே, எத்தனை நாள் என்ற கணக்கே இல்லாதபோது, பயிரில் ஏற்பட்ட இழப்பை எப்படி மதிப்பிடுவது?

கைரேகை தேய்ந்த கைகள்

ஊர் முழுவதற்கும் இணையம் இருந்தும் ஒருவருக்கு மட்டும் கிடைக்காமல் போகும் வழியும் இச்சட்டத்தில் இருக்கிறது. செல்பேசி இணைப்புப் பெறுபவரை உடற்கூறு அடையாளம் கொண்டு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 3-வது பிரிவு. மோசடி சிம் கார்டுகளைத் தடுப்பது இதன் நோக்கம். ஆனால் நாற்று நடுபவர், கரும்பு வெட்டுபவர், சுண்ணாம்பும் உரமும் அள்ளுபவர் ஆகியோரின் விரல் ரேகை தேய்ந்துபோவது நமக்குத் தெரிந்ததுதான். ரேஷன் கடையிலும் உரக்கடையிலும் அவர்கள் படும் பாட்டையும் பார்க்கிறோம். சிம் கார்டும் அதே வரிசையில் சேர்ந்தால், ஓடிபி வராது. ஓடிபி இல்லையென்றால் மானியமும் இல்லை. கிசான் நிதிக்கு விரல் ரேகையுடன் ஓடிபி, முகப்பதிவு என்று மாற்று வழிகளும் உண்டு. செல்பேசி இணைப்புக்கான விதிகளிலும் மாற்று வழி எழுத்தில் இடம்பெற வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, நிறுத்த உத்தரவு பிரச்சினை உள்ள வட்டத்தோடு நிற்க வேண்டும். மாவட்டம் முழுவதையும் இருட்டாக்கக் கூடாது. உரக்கடை, கூட்டுறவுச் சங்கம், கொள்முதல் நிலையம் ஆகியவற்றின் கம்பிவழி இணைப்புகளுக்கு விலக்கு வேண்டும்.

இரண்டாவது, இணையம் நின்ற நாள்களின் எண்ணிக்கை, பயிர்க் காப்பீடு போன்ற எல்லாக் கடைசித் தேதிகளிலும் தானாகவே கூட்டப்பட வேண்டும். இதற்கு ஓர் அரசாணை போதும்.

மூன்றாவது, மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அரசுச் செயலாளர்கள். உத்தரவு போடுவதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும், வேளாண் துறையின் பிரதிநிதி ஒருவரும் அதில் இடம்பெற வேண்டும்.

நான்காவது, இணையம் வழி நடக்கும் ஒவ்வொரு வேளாண் திட்டத்துக்கும் காகிதத்தில் ஒரு மாற்று நடைமுறை இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத நாளில் உர விற்பனையைப் பதிவேட்டில் எழுதி, பிறகு கருவியில் ஏற்ற அனுமதி தேவை.

விரிவாக்கப் பணியாளர்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. செல்பேசி இணையம் மட்டும் நிறுத்தப்படும்போது அழைப்பும் குறுஞ்செய்தியும் பெரும்பாலும் இயங்கும். உங்கள் பகுதி விவசாயிகளின் எண்களை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு நோட்டிலும் எழுதிவையுங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையை மீண்டும் பயன்படுத்துங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குச் சாதாரண செல்பேசியிலிருந்தே கட்டணமின்றிப் பேசலாம் என்பதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. வாய்க்கால் தூர்வாருதல், உரத் தட்டுப்பாடு பற்றி மனு கொடுக்கும் அதே இடத்தில் இந்த நான்கு கோரிக்கைகளையும் எழுதிக் கொடுங்கள். இணையம் நின்ற பிறகு மனு எழுதுவதைவிட, நிற்பதற்கு முன்பே எழுதுவது நல்லது.