இன்னொரு மாந்தீவு வேண்டாம்

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து ஒதுக்கிவைத்த இடம் அது. அந்நோயின் கிருமியை நோர்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அதனை முற்றாகக் குணப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார ஸ்தாபனம் 1981இல் பரிந்துரைத்தது. மருந்து வந்தது, அச்சமோ போகவில்லை.

அதே அச்சம் இன்று எச்.ஐ.வி. என்னும் பெயரைக் கேட்டு நடுங்குகிறது. 2016இல் குளியாப்பிட்டியில் வெறும் வதந்தியை நம்பி ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவை அடைத்தார்கள். அவனிடம் அக்கிருமி இல்லை. இருந்திருந்தால்தான் என்ன? ஒரே வாங்கில் அமர்வதால் அது தொற்றாது. ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ நுளம்பு கடிப்பதாலோ தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமி கலந்த இரத்தம், ஒருவர் ஏற்றிய ஊசியை மற்றவர் ஏற்றுதல், தாயிடமிருந்து சேய்க்கு: இவையே வழிகள். இவற்றுள் இறுதி வழியை இலங்கை அடைத்துவிட்டதென 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது.

ஒதுக்குவதால் எவருக்குப் பாதுகாப்பு? பழிச்சொல்லுக்கு அஞ்சுபவர் இரத்தப் பரிசோதனைக்கு வாரார். பரிசோதனைக்கு வாராதவர் மருந்து பெறார். மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், உடலுறவாலும் பரவாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடும். அந்த மருந்தின் வழியை மறிப்பது நமது அருவருப்பே! வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் ஏழைப் பெண்ணைச் சந்தேகக் கண்ணால் அளப்பதும் ஒழுக்கமன்று; கொடுமை.

வாவியின் நடுவே ஒரு தீவு போதும். நம் நெஞ்சில் இன்னொன்றை எழுப்பாதிருப்போம்.