வேகத்தில் இளைக்கும் புல்லட்

வாசக அன்பர் ஒருவர் இம்மாதம் நமக்கு நீண்ட கடிதம் எழுதியுள்ளார். தம் தந்தையார் திருச்சியில் ஓட்டிய பழைய புல்லட் 350 வண்டியை ரயில் பார்சலில் நாகபுரிக்கு வரவழைத்து ஓட்டி வருகிறார். ஊருக்குள் குறை யாதும் இல்லை. வார்தா சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் இழுவை மெல்லக் குறைகிறது. ஒருநாள் லாரி ஒன்றை முந்தும் தறுவாயில் இவ்வாறு இளைத்துவிட்டது. பின்னே மனைவியும் மடியில் குழந்தையும், எதிரே பேருந்து. எப்படியோ ஒதுங்கித் தப்பினர். ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, ஐந்து நிமிடம் நின்று புறப்பட்டால், வண்டி பழையபடி ஓடுகிறதாம். பட்டறைக்காரர், சிலிண்டர் தேய்ந்துவிட்டது, போர் போட்டுப் புதுப் பிஸ்டன் வைக்க வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவு செய்வதா, விற்றுவிடுவதா என்பது அன்பரின் வினா.

விற்க வேண்டா. போர் போடுவதற்கும் இப்போது அவசரம் இல்லை. தேய்ந்த சிலிண்டர் சாலையோரத்தில் ஐந்து நிமிடம் இளைப்பாறினால் மீண்டும் வளர்ந்துவிடுமா? தேய்மானம் எல்லா வேகத்திலும் தெரியும். புகையிலும் எண்ணெய்க் குறைவிலும் தெரியும். காலையில் உதைக்கும்போதே தெரியும். பிஸ்டன் அழுத்தத்திற்கு வரும் இடத்தில் கிக்கர்மீது உடல் எடையை வைத்து நின்று பார்க்கலாம். சில விநாடியேனும் தாங்கி நின்றால் அழுத்தம் நன்றாகவே இருக்கிறது என்று கொள்ளலாம்.

இவ்வண்டியைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கூட்டுச் சேர்ந்தன. பின்னர்த் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வார்ப்பிரும்பு இயந்திரம் இது. 346 சி.சி.; சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர்; 18 குதிரைச் சக்தி. இழுப்பதற்கென்று பிறந்த இயந்திரம்; பறப்பதற்கன்று. 100 கிலோமீட்டரில் ஓடவில்லை என்று குறைப்படுவோர்க்கு நம்மிடம் மருந்து இல்லை. ஆனால் 65-இல் மூச்சு வாங்குவது நோயே.

நோயை அறிவதற்கு முதலில் கேட்க வேண்டியது, எவ்வாறு இளைக்கிறது என்பதே. மெல்ல மெல்லச் சோர்ந்து, ஆக்சிலேட்டரைக் குறைத்தால் சற்றுத் தெளிந்து, நிறுத்தினால் குணமாகிறதா? பெட்ரோல் வரத்தில் குறை. திடீரென அறுந்தாற்போல் விட்டுவிட்டு வெட்டி, சைலன்சரில் வெடித்து மிஸ்ஸிங் ஆகிறதா? மின்பொறியில் குறை. சோர்வுமின்றி வெட்டுமின்றி, ஒரு வேகத்திற்குமேல் ஏற மறுக்கிறதா? அது மூன்றாவது வகை. பட்டறைக்குப் போகுமுன் இதனைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அன்பரின் வண்டி முதல் வகையைச் சேர்ந்தது. கணக்கு ஒன்று போடுவோம். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று கொண்டால், 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்திற்கு இரண்டே கால் லிட்டருக்குச் சற்று மேலாகச் செலவாகும். அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 மில்லிலிட்டர். ஊருக்குள் 30 கிலோமீட்டரில் செல்லும்போது அதில் பாதிகூட வேண்டியதில்லை. ஆதலின் குழாய் பாதி அடைத்திருந்தாலும் ஊருக்குள் தெரியாது. நெடுஞ்சாலையில் கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்புவதைவிட விரைவாக வற்றுகிறது. நிறுத்தினால் மெல்ல நிரம்புகிறது. ஐந்து நிமிட வைத்தியத்தின் மர்மம் இதுவே.

அடைப்பு எங்கே? அன்பர் தம் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். வண்டி வந்து சேர்ந்தபின், பெட்ரோல் திருட்டுக்கு அஞ்சிச் சாவி போட்டுப் பூட்டும் மூடி ஒன்று வாங்கி மாட்டினாராம். நமக்கு ஐயம் முதலில் அம்மூடியின்மீதுதான். பெட்ரோல் இறங்க இறங்க அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்புக வேண்டும். அதற்காக மூடியில் சிறு துளை உண்டு. துளை தூர்ந்திருந்தாலோ, மலிவான மூடியில் துளையே இல்லாதிருந்தாலோ, உள்ளே காற்றழுத்தம் குறைந்து பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். டாங்கு நிறைந்திருக்கும்போது உள்ளே காற்று சிறிதே இருப்பதால் இக்குறை விரைவில் தோன்றும். பாதி டாங்கில் தாமதமாகத் தோன்றும். 'டாங்கு நிறையப் போட்டால்தான் மக்கர் செய்கிறது' என்று சிலர் வியந்து கூறுவதன் காரணம் இது. அன்பர் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்த்தார் அல்லவா? தாமறியாமலே வைத்தியத்தைச் செய்துவிட்டார். அடுத்த முறை திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளிழுபடும் ஒலி கேட்கிறதா என்று செவிகொடுத்துக் கேட்கட்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. கார்புரேட்டர்ப் பக்கம் பெட்ரோல் குழாயைக் கழற்றி, மூடியை இறுக மூடியபடியே ஒரு பாட்டிலில் ஓடவிடுங்கள். 40 மில்லிலிட்டர் போதும் என்றாலும் 100 மில்லிலிட்டர் அளவு ஒரு நிமிடத்திற்குள் தாராளமாக நிரம்ப வேண்டும். முதலில் நன்றாக ஓடிப் பின்னர் நூலாக இளைத்து, மூடியைத் திறந்ததும் மீண்டும் பெருகினால் குற்றவாளி மூடியே. தொடக்கத்திலேயே நூலாக வந்தால் பெட்ரோல் குழாய்த்திருகின் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். நன்றாக ஓடியும் வண்டி இளைத்தால் கிண்ணத்தின் மிதவை ஊசியும் மெயின் ஜெட்டும் மிச்சம்.

சல்லடை என்றதும் நம் துறை நினைவு வருகிறது. ரயிலில் மோட்டார் சைக்கிள் அனுப்புவோர் டாங்கை முற்றிலும் காலி செய்தே தர வேண்டும். அது பாதுகாப்பு விதி, தளர்த்த இயலாது. ஆனால் வந்திறங்கிய வண்டியை எடுத்துச் சென்று, வாரக்கணக்கில் வெறும் டாங்குடனே மழைக்காலத்தில் நிறுத்திவைப்பவர் பலர். ஈரக்காற்றில் உட்சுவர் துருப்பிடிக்கும். பிறகு பெட்ரோல் ஊற்றினால் துரு உதிர்ந்து சல்லடையில் படியும். வண்டியை எடுத்த அன்றே டாங்கை நிரப்பிவிடுவது நலம்.

எத்தனாலைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். 2025-இல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. ஆதலின் பழைய ஜெட்டின் வழியே அதே அளவு இறங்கினாலும் கலவை சற்று மெலிந்துபோகும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது ஊறவைக்கும். எல்லாப் பழியையும் அதன்மீது சுமத்துவது இன்று வழக்கமாகிவிட்டது, நாம் உடன்படவில்லை. கலவை மெலிந்திருக்கிறதா என்பதைச் சோதித்தே அறியலாம். ஆளற்ற நேர்சாலையில், பின்னிருக்கையில் எவரையும் ஏற்றாமல், இளைக்கத் தொடங்கும்போது சோக்கைச் சற்றே மூடுங்கள். தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை. மேலும் மோசமானால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது.

இரண்டாம் வகைக்குப் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாயிண்ட் முகம் குழிவிழுந்து கருகியிருந்தால் கண்டென்சரை மாற்றுக. சூடேறினால் மட்டும் செயலிழக்கும் காயில் ஒன்றுதான் வஞ்சகமானது. அதுவும் நின்று ஆறினால் குணமாகும், பெட்ரோல் குறைபோலவே ஏமாற்றும். நின்ற கணத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. பிளக் கடுஞ்சூடாயிருக்கும், கைத்துணி வேண்டும். பெட்ரோல் வாடைக்கு எட்ட வைத்தே பொறியைப் பாருங்கள்.

மூன்றாம் வகையில் முதலில் ஆக்சிலேட்டர் கேபிள் கார்புரேட்டரின் வாயை முழுதும் திறக்கிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை, பலரும் செய்வதில்லை. வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழச்செய்யும் எடைகள் பாயிண்டுக்கு அடியில் உள்ளன. அவை துருவேறி அசையாதிருந்தால் இயந்திரம் சூடாகும், உயிர் இராது. கையால் திருப்பிவிட்டால் அவை தாமே துள்ளித் திரும்ப வேண்டும். இயந்திரம் கத்தியும் வேகம் ஏறவில்லையேல் கிளட்ச் வழுக்குகிறது. சக்கரம் சூடாயிருந்தால் பிரேக் உரசுகிறது.

அன்பருக்கு நாம் கூறுவது: பழைய மூடி ஊரில் கிடந்தால் வரவழையுங்கள். அதுவரை பூட்டு மூடியின் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். துளையே இல்லையேல் துளையுள்ள வேறொன்று வாங்குங்கள். அதன்பின் சல்லடை. இவ்விரண்டும் முடித்து, தனியே வார்தா சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு நமக்கு எழுதுங்கள். அதுவரை மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு லாரியை முந்த வேண்டா.