டாஸ் கேம் விளையாடறவன் வெட்டிப்பயலா?

"ஏன் மாப்ளே, பி.காம். படிக்கிற பையன்... நாலாயிரத்துச் சொச்சம் ரூவா போட்டு ஒரு அட்டையை வாங்கி, அதுல முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தின கேமை ஓட்டிட்டு உக்காந்திருக்கியே, இதுக்கு ஒரு பழைய செல்போன் போதாதா?"

கேட்டது என் தாய்மாமா. கேட்ட இடம் சேவூர்ல எங்க வீட்டு ஆசாரம். இதே கேள்வியை கிளாஸ் பசங்க ரெண்டு கெட்ட வார்த்தை சேர்த்துக் கேட்டாங்க. அதனால எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலா எழுதிடறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். இது கொசுவத்தி சுத்தற சமாச்சாரம் இல்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா டாஸுக்கு வந்தது 1990-ல. டேஞ்சரஸ் டேவும் அதே வருசம்தான். நான் பொறந்தது அதுக்குப் பதினாலு வருசம் கழிச்சு. செருப்பைக் கழட்டி விட்டுட்டு ஏ.சி. லேப்புக்குள்ள போய் வாத்தியார் அசந்த நேரத்துல டேவ் விளையாடினது எல்லாம் அண்ணன்மார் கதை. நான் பார்க்காத காலத்துக்கு நான் எப்படிங்க ஏங்க முடியும்?

சரி, மேட்டருக்கு வருவோம். ராஸ்பெரி பை-ன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர். ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும். 2012 பிப்ரவரியில முதல் பை வந்தப்போ விலை 35 டாலர். என்கிட்ட இருக்கறது மாடல் 3. அதுல ஹெட்போன் குத்தற மாதிரி ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அதுல சத்தம் மட்டுமில்ல, படமும் வரும். அதை எங்க வீட்டுப் பரண்ல தூங்கிட்டு இருந்த கலைஞர் டிவியோட மாட்டினேன். ஆமாங்க, 2006-ல ஆரம்பிச்ச திட்டத்துல குடுத்த அதே இலவச கலர் டிவி. பழைய கேமோட படம் 320-க்கு 200 புள்ளிதான். 4கே டிவியில போட்டா செங்கல் அடுக்கின மாதிரி தெரியும். அந்தக் குண்டு டிவியில அம்சமா இருக்கு. (கடையில கிடைக்கற மூணு கலர் ஒயரை நம்பி வாங்கிடாதீங்க. சிலதுல எர்த் வேற இடத்துல இருக்கும், படமே வராது. நான் ரெண்டு ஒயர் வாங்கினப்புறம்தான் புரிஞ்சுது.)

பை-யோட பிராசஸருக்கு அந்தக் காலத்து இன்டெல் பாஷை தெரியாது. அதனால நடுவுல டாஸ்பாக்ஸ்னு ஒரு மென்பொருள் உக்காந்து, கேம் பேசற ஒவ்வொரு வார்த்தையையும் மொழிபெயர்த்துக் குடுக்கும். சவுண்டு கார்டு, கீபோர்டு, மானிட்டர் எல்லாம் இருக்கற மாதிரியே நடிக்கும். இதுக்குப் பேருதான் எமுலேஷன். கேமைப் பொறுத்தவரைக்கும் அது இன்னும் 1990-ல ஒரு 286 பொட்டியிலதான் ஓடிட்டு இருக்கு. டாஸ்பாக்ஸ் முதல் முதலா வந்தது 2002-ல. செஞ்சது பெரிய கம்பெனி இல்லை, கேம் விளையாடற ஆசையில சில பேர் சேர்ந்து செஞ்சது. இலவசம். மூல நிரலும் திறந்தே கிடக்கு.

இப்போ என் முதல் சண்டை. எமுலேஷன்னா விளையாட்டுப் பசங்க வேலைன்னு சொல்றீங்களே, நம்ம ஊர் காலேஜ்கள்ல சி++ லேப் எதுல நடந்துச்சு? போர்லாண்ட் கம்பெனி 1990களோட ஆரம்பத்துல வெளியிட்ட டர்போ சி++. அந்த நீலத் திரையேதான். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராம் ஓடாது. அதனால அதையும் டாஸ்பாக்ஸுக்குள்ள போட்டுத்தான் ஓட்டினாங்க. சி++-க்கு சர்வதேசத் தரம் வந்தது 1998-ல. அதுக்கு முந்தின கம்பைலரை, கேம் ஓட்டறதுக்குன்னு செஞ்ச மென்பொருள்ல போட்டு, அதுல மார்க்கும் குடுத்தாங்க. அது கல்வி. அதே டாஸ்பாக்ஸ்ல நான் பிரின்ஸ் ஓட்டினா அது வெட்டி வேலை. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

காலேஜை விடுங்க. நம்ம பனியன் பெல்ட்லயே பழைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வச்சிருக்கற யூனிட்டுக்குப் போய்ப் பாருங்க. அந்த மெஷினுக்கு டிசைன் ஃபிளாப்பியிலதான் போகணும். ஃபிளாப்பிக்கு எங்க போறது? சோனியே 2011-ல விக்கறதை நிறுத்திட்டான். அதனால ஃபிளாப்பி டிரைவைக் கழட்டிட்டு அந்த இடத்துல கோடெக்-னு ஒரு சின்னப் பெட்டியை மாட்டிடுவாங்க. முன்னாடி பென் டிரைவ் சொருகலாம். பன்ச்சிங் பண்ணின டிசைனைப் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தா, மெஷின் அதை ஃபிளாப்பின்னு நம்பிப் படிச்சுட்டுப் பூப்போடும். இதுவும் எமுலேஷன்தான் சாமி! வேடிக்கை என்னன்னா, அமிகா மாதிரி பழைய கம்ப்யூட்டர்ல கேம் ஆடறவங்களும் இதே கோடெக் பெட்டியைத்தான் வாங்கறாங்க. அவங்கள்ல ஒருத்தர் அதுக்கு ஃபிளாஷ்ஃபிளாப்பின்னு புதுசா மென்பொருள் எழுதி இலவசமா விட்டிருக்கார். எம்பிராய்டரி முதலாளி அதை மாட்டினா சிக்கனம், கேம் ஆடறவன் மாட்டினா பைத்தியம்.

இப்போ மாமா கதைக்கு வர்றேன்.

மாமா ஒரு சின்ன பனியன் கம்பெனி வச்சிருந்தார். 2009-ல மூடிட்டார். 1996-ல இருந்து சம்பளக் கணக்கெல்லாம் ஃபாக்ஸ்புரோவுல எழுதின ஒரு டாஸ் புரோகிராம்லதான் போட்டாங்களாம். எழுதிக் குடுத்தவர் இப்போ எங்க இருக்கார்னே தெரியாது. எங்க தெருவுல இருக்கற ஒரு அக்கா அங்க ஓவர்லாக் டெய்லரா அஞ்சு வருசம் இருந்தாங்க. அப்புறம் வேற கம்பெனி, ஏழு வருசம். இப்போ அவங்களுக்கு 57 வயசு. பி.எஃப். பென்ஷன் வாங்க குறைஞ்சது 10 வருச சர்வீஸ் வேணும். தனித்தனியாப் பார்த்தா ரெண்டுமே பத்தாது, சேர்த்தாத்தான் வரும். சேர்க்கணும்னா பழைய பி.எஃப். நம்பர் வேணும். யூ.ஏ.என்.-னு வாழ்நாளுக்கு ஒரே நம்பர் வந்ததே 2014-லதான். அதுக்கு முந்தி கம்பெனி மாறினா நம்பரும் மாறும். அந்த அக்காகிட்ட ஸ்லிப் ஒண்ணுகூட இல்லை. பணத்தை எடுக்கவும் இல்லை. மாமாகிட்ட இருந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல பதினெட்டு ஃபிளாப்பி. மேல பூஞ்சை.

யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் ஒண்ணைப் பை-யில சொருகி ஒவ்வொண்ணா நகல் எடுத்தேன். பதினாலு முழுசா வந்துச்சு. மூணு அரைகுறை. ஒண்ணு மொத்தமாப் போச்சு.

டி.பி.எஃப். ஃபைல்தானே, லிப்ரே ஆபீஸ்ல நேராத் திறந்துடலாமேன்னு விவரமானவங்க கேப்பீங்க. திறந்தேன். வெறும் நம்பர் நம்பரா வந்துச்சு. எந்தக் கட்டம் பி.எஃப்., எது அட்வான்ஸ் பிடித்தம், 0417-ங்கறது எந்த ஆள், ஒண்ணும் புரியலை. அதைச் சொல்றது அந்தப் புரோகிராம் மட்டும்தான். அப்போ புரோகிராமையே ஓட்டணும். மாமாவோட ஆபீஸ்ல மிச்சம் இருந்த எக்ஸ்.பி. பொட்டியில போட்டா "டிவைட் பை ஜீரோ"ன்னு பல்லைக் காட்டிட்டு நின்னுடுச்சு. பழைய ஃபாக்ஸ்புரோவுக்கு இது ஊரறிஞ்ச வியாதி. ஆரம்பிக்கும்போது கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம்னு ஒரு கணக்குப் போடும். பொட்டி ரொம்ப வேகமா இருந்தா நேரம் பூஜ்யம்னு வரும், பூஜ்யத்தால வகுக்கப் பார்த்துக் கவுந்துடும். அடுத்து என்னோட 64 பிட் லேப்டாப். அது உள்ளயே விடலை.

டாஸ்பாக்ஸ்ல சைக்கிள்னு ஒரு அளவு இருக்கு. ஒவ்வொரு மில்லி நொடிக்கும் எத்தனை கட்டளை ஓடணும்னு நாமளே வைக்கலாம். கேம் ஆடறவங்களுக்கு இது அ, ஆ மாதிரி. பழைய கேம் புது மெஷின்ல தறிகெட்டு ஓடும், அதை இழுத்துப் பிடிக்கத்தான் இந்தக் கடிவாளம். பை-யே அவ்வளவு வேகம் கிடையாது, அதுல சைக்கிளையும் குறைச்சு வச்சேன். ஃபாக்ஸ்புரோ சந்தோசமா எந்திரிச்சுது. அந்தக் கலைஞர் டிவியில, பச்சையும் நீலமுமா ஒரு மெனு. பேரை அடிச்சதும் அக்காவோட பதிவு வந்துச்சு. சேர்ந்த தேதி, தினக்கூலி, பி.எஃப். நம்பர். மாமா டிவிகிட்ட போய் நின்னு ஒண்ணும் பேசலை. அப்புறம் "இந்த கலரை மறந்தே போய்ட்டேன் மாப்ளே"ன்னார்.

பிரிண்ட் எடுக்கறதுதான் தலைவலி. டாஸ்பாக்ஸ்ல பிரிண்டர் வசதியே கிடையாது. இது கேமுக்குன்னு செஞ்சது, வியாபாரக் கணக்கை இதை நம்பி வைக்காதீங்கன்னு செஞ்சவங்களே சொல்றாங்க. நான் கண்ட்ரோலும் எஃப்5-ம் அழுத்தி, திரையைப் படமாச் சேமிச்சு, மாமா கையெழுத்தோட குடுத்தேன். அக்கா மனுவோட சேர்த்துப் போயிருக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு அம்மாவோட பென்ஷன் நம்பரை வெளிய எடுத்தது ஐ.டி. கம்பெனியும் இல்லை, ஆவணக் காப்பகமும் இல்லை. இளவரசியைக் காப்பாத்தணும்னு ராத்திரி பூரா முழிச்சிருந்த நாலு பேர் எழுதின ஓசி மென்பொருள். கேம் ஆடறவனுக்குப் பழசு மேல ஆசை இருந்துச்சு, அதனால டாஸ் பொழைச்சுது. நம்ம கணக்குப் புரோகிராம் மேல யாருக்கு ஆசை? காமர்ஸ்ல சொல்லிக் குடுக்கறாங்க, கம்ப்யூட்டருக்கு வருமான வரியில 40 சதவீதம் தேய்மானம். 50,000 ரூபாய் பொட்டி அஞ்சு வருசத்துல ஏட்டுல 3,888 ரூபாய். கம்பெனிச் சட்டம் 2013 கணக்குப் புத்தகத்தை 8 நிதியாண்டு வச்சிருக்கச் சொல்லுது. அதுக்கப்புறம்? காயலாங்கடை. உள்ள இருந்த நானூறு பேரோட வேலைக்காலம் எந்தப் பத்தியில வரும்னு எந்த வாத்தியாரும் சொல்லலை.

அடுத்தது "இது திருட்டு" கோஷ்டி. இவங்ககிட்ட பாதி உண்மை இருக்கு. 10,000 கேம்னு எழுதி மெமரி கார்டுல நிரப்பி விக்கறான் பாருங்க, அது சுத்தமான திருட்டு, அவனுக்காக நான் வாதாட மாட்டேன். "அபாண்டன்வேர்"னு சட்டத்துல ஒரு வகையே கிடையாது. கைவிட்டதா இருந்தாலும் காப்புரிமை இருக்கத்தான் செய்யும். எழுதினவர் செத்து 60 வருசம் வரைக்கும். ஆனா 1957 காப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவுலயே, முறையா வாங்கின மென்பொருளைச் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம், மாத்தி அமைக்கலாம்னு இருக்கு. அதைப் படிச்சுட்டு வந்து என்னைத் திட்டுங்க. டூம் கேமோட முதல் பாகம் 1993-லயே இலவசமாச் சுத்த விட்டது. பினீத் எ ஸ்டீல் ஸ்கையை 2003-ல செஞ்சவங்களே இலவசமாக்கிட்டாங்க. காசு குடுத்து வாங்கணும்னா 2008-ல ஆரம்பிச்ச ஜி.ஓ.ஜி. இருக்கு. அவங்க விக்கற நிறைய டாஸ் கேமுக்குள்ள என்ன வச்சு அனுப்பறாங்க தெரியுமா? அதே டாஸ்பாக்ஸ். ரசிகன் ஓசியில செஞ்சதை வச்சுக் கம்பெனி திரும்பக் கடை போடுது, ரசிகனுக்குப் பேரு திருடன்.

சொந்தக்காரங்களே பத்திரமா வச்சிருப்பாங்கன்னு நம்பறீங்களா? பிரின்ஸ் எழுதின ஜோர்டான் மெக்னர்கிட்டயே மூல நிரல் இல்லாமப் போச்சு. 2012-ல அவர் அப்பா வீட்டுல ஒரு பெட்டியில பழைய ஃபிளாப்பிகள் கிடைச்சு, பழைய கம்ப்யூட்டர் ரசிகர்கள் உதவியோட படிச்சு எடுத்தாங்க. 2010-க்கு முன்னாடி அமெரிக்காவுல வந்த கேம்கள்ல 87 சதவீதம் இப்போ கடையில கிடைக்காதுன்னு 2023-ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு சொல்லுச்சு. கோடிக்கணக்குல ரசிகன் இருக்கற சமாச்சாரத்துக்கே இந்த கதி.

நம்ம கதி? 1980களோட நடுவுல கனடாவுல சீனிவாசன் ஆதமி எழுதினார், மலேசியாவுல முத்து நெடுமாறன் முரசு எழுதினார். டாஸ் காலத்துல தமிழ் எழுத வச்ச மென்பொருள்கள். அதுல அடிச்ச கடிதம், சங்க மலர், கவிதைத் தொகுப்பு எல்லாம் யுனிகோடு இல்லாத காலத்து எழுத்துருக்கள்ல இருக்கு. அந்த மென்பொருள் இல்லைன்னா வெறும் கிறுக்கல். செம்மொழி மாநாடு 2010-ல நம்ம கோயம்புத்தூர்லதான் நடந்துச்சு. தமிழ் வாழ்கன்னு போஸ்டர் ஒட்டின கையில எத்தனை கை ஒரு ஃபிளாப்பியை நகல் எடுத்திருக்கும்? டேஞ்சரஸ் டேவை இன்னைக்கு யார் வேணா பிரவுசர்லயே ஓட்டலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015-ல ரெண்டாயிரத்துக்கு மேல டாஸ் கேமை அப்படித் திறந்து வச்சிடுச்சு. தமிழ்ப் பொட்டிக்கு அப்படி அழுவறதுக்கு ஆள் வேணும்ல?

செல்போன் போதாதான்னு மாமா கேட்டாரே. போதாதுங்க மாமா. கேம் ஓடும். ஆனா ஃபிளாப்பி டிரைவைச் சொருகி, பழைய டிவியை மாட்டி, உங்க ஆபீஸ் டிவிஎஸ் கோல்டு கீபோர்டைத் தட்டி, நெட் இல்லாம, எவன்கிட்டயும் அக்கவுண்ட் திறக்காம ஒரு மூலையில வருசக்கணக்கா வச்சிருக்க இந்த அட்டைதான் தோது.

கிளாஸ் பசங்களுக்கு: அவினாசி, புளியம்பட்டிப் பக்கம் வீட்டுல பழைய ஃபிளாப்பி இருந்தா காயலாங்கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. 3.5 இன்ச் மட்டும். பெரிய சைஸுக்கு என்கிட்ட டிரைவ் இல்லை. நகல் எடுத்துக் குடுக்கறேன், காசு வேண்டாம், ஒரு டீ போதும்.

டிஸ்கி: மாமா இப்போ ராத்திரி சாப்பிட்டதும் நேரா டிவி முன்னாடி வந்து உக்காந்துடறார். பிரின்ஸ்ல மொத்தமே ஒரு மணி நேரம்தான் டைம். மூணாவது லெவல்ல அந்த எலும்புக்கூடு எந்திரிச்சு வரும், வெட்டினா சாகாது, குழியில தள்ளணும். சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறார். நேத்தும் பதினொரு தடவை செத்தார்.