இடுப்பு என்பது எது?

சில ஆண்டுகளுக்கு முன் யோகாசன வகுப்பொன்றில் நான் சேர்ந்திருந்தபோது, கால்களை நீட்டி அமர்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தானாசனத்தை முதல் வாரத்திலேயே கற்பித்த ஆசிரியர், "இடுப்பை வளையுங்கள், இன்னும் நன்றாக வளையுங்கள்" என்று மிகுந்த அன்போடு சொல்லிக்கொண்டேயிருக்க, அவர் வாக்கைச் சிரமேற்கொண்டு, எதை என் இடுப்பு என்று பால்யம் முதல் எண்ணியிருந்தேனோ அந்த இடத்தை, அதாவது வேட்டி கட்டுமிடத்துக்குப் பின்னே உள்ள முதுகின் அடிப்பகுதியை, நாள்தோறும் வில்லாக வளைத்து, பத்தே நாளில் படுக்கையை விட்டு எழுவதற்கும் துணை வேண்டிய நிலையை அடைந்தேன். தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்துகிறதே, அந்த மூட்டிலிருந்து உடலை முன்னே சாய்க்க வேண்டும் என்பதுதான் ஆசிரியரின் கருத்தென்று பிறகு தெரிந்தது. அவருடைய சிரத்தையிலும் குறையில்லை, என் உழைப்பிலும் குறையில்லை. இடையில் நின்ற ஒரு சொல் எங்கள் இருவரையும் கைவிட்டது.

நம் பேச்சில் இடுப்பு என்பது தாய் குழந்தையைத் தாங்கும் பக்கமும் ஆகும், அரைஞாண் கிடக்கும் சுற்றும் ஆகும்; இடுப்பு பிடித்துக்கொண்டது என்றால் முதுகின் அடி, இடுப்பு வலி கண்டது என்றால் பிரசவம். கை என்றால் தோள் முதல் விரல் நுனி வரை. கால் என்றாலும் அவ்வாறே. அன்றாட வாழ்வுக்கு இந்தத் தாராளம் போதும். ஆனால் எந்த எலும்பு அசைய வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும் என்பதே விஷயமாக இருக்கும் ஓர் அப்பியாசத்துக்கு இது போதாது. யாழ்ப்பாணத்தார் முதுகின் அடியை நாரி என்று தனியே பிரித்துச் சொல்லி, நாரி நோகிறது என்பதைக் கேட்கும்போதெல்லாம், இந்த நல்ல சொல்லை நாம் ஏன் வழக்கில் வைத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ஏக்கம் உண்டாகிறது.

முதுகெலும்புத் தொடர் பிறக்கும்போது பெரும்பாலும் 33 எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னே 12, நாரியில் 5; அதற்குக் கீழுள்ளவை வளர வளர ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. தொடையின் பின்புறத் தசைகளோ நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிற எலும்பு முனையில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே சென்று பற்றுபவை. நாற்காலியிலேயே காலம் கழித்து அவை இறுகிப்போன ஒருவர் காலை நீட்டிக் குனிய முயன்றால், அவை இடுப்பெலும்பைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, குனிவு முழுவதும் நாரியின் தலையிலேயே விழுகிறது. மடித்த போர்வை ஒன்றின் மேல் அமர்ந்து, முழங்காலைச் சற்றே மடக்கிக்கொண்டால் அந்தப் பிடி தளர்ந்து, இடுப்பு மூட்டு தன் வேலையைச் செய்யத் தொடங்கும். விடியற்காலையில் முழங்கால் மடங்காமல், முதுகு நீண்டிருக்க, தொடைச்சந்திலிருந்தே சாய்ந்து வாசலில் கோலமிடும் பெண்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம். நான் பத்து நாள் தேடியும் காணாத அசைவு அதுவே.

உடலை முறுக்கும் ஆசனங்களில் "இடுப்பைத் திருப்பு" என்னும் கட்டளையும் இத்தகையதே. நாரியின் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதம் குனியவும் நிமிரவும் இடங்கொடுக்குமேயன்றித் திரும்புவதற்குச் சில பாகைகளே இடங்கொடுக்கும். முறுக்கம் பெரும்பாலும் மார்புப் பகுதியிலும் கழுத்திலுமே நிகழ வேண்டும். பத்மாசனத்தில் நேரும் தீங்கு இதனினும் பெரிது. முழங்கால் முக்கியமாக மடங்கவும் நீளவும் அமைந்த கீல் மூட்டு. பாதத்தைத் தொடை மேல் ஏற்றுவதற்கு வேண்டிய சுழற்சியை இடுப்பு மூட்டுத்தான் தர வேண்டும். அது தராதபோது பாதத்தைக் கையால் இழுத்து ஏற்றினால், முழங்காலுக்குள் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்குகிறது. "முழங்காலைத் தரைக்கு அழுத்து" என்பதற்குப் பதிலாகத் "தொடையை வெளிப்புறமாகச் சுழற்று" என்று சொல்லியிருந்தால் எத்தனை முழங்கால்கள் பிழைத்திருக்கும்! இடுப்புக் குழியின் அமைப்பு மனிதருக்கு மனிதர் வேறுபடுவதால், எத்தனை வருஷம் அப்பியசித்தாலும் பத்மாசனம் கைகூடாத சரீரங்களும் உண்டு என்பதை ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

யோகம் அனுபவ வித்தை, அதற்கு உடற்கூற்றுச் சொற்கள் எதற்கு என்று கேட்பவர்களுண்டு. ஆசனங்களின் பெயர்களையே அவர்கள் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பச்சிமம் என்றால் மேற்கு. கிழக்கு நோக்கி அமர்ந்தவனுக்கு முதுகுப்புறமே மேற்காதலால், உடலின் பின்புறம் முழுவதையும் நீட்டுவது பச்சிமோத்தானம், முன்புறத்தை நீட்டுவது பூர்வோத்தானம். ஜானு முழங்கால், பார்சுவம் பக்கம், அதோமுகம் கீழ்நோக்கிய முகம். பெயரிட்டவர்கள் உறுப்பையும் திசையையும் குறித்தே பெயரிட்டார்கள். நாம் அவற்றை மந்திரம்போல் உச்சரித்துப் பொருளை விட்டுவிட்டோம்.

தமிழில் இதற்குச் சொல்லில்லை என்பதும் பொருந்தாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, அங்காதிபாதம் என்று பெயரிட்டு உடற்கூற்று நூலையும் தமிழில் தந்தார். அறுவை வைத்தியனுக்கு அக்காலத்திலேயே இயன்றது ஆசன ஆசிரியருக்கு இன்று இயலாதா? அவருக்கு வேண்டுபவை சொற்பமே: மடக்குதல், நீட்டுதல், உடலின் நடுக்கோட்டை விட்டு அகற்றுதல், அதை நோக்கிச் சேர்த்தல், உள்ளும் புறமுமாகச் சுழற்றுதல். இவற்றோடு நாரி, இடுப்பெலும்பு, இடுப்பு மூட்டு என்று மூன்று பெயர்கள் பிரிந்து நின்றால் பெரும்பகுதிக் குழப்பம் தீரும்.

உள்ளங்கை முன்னோக்க நிமிர்ந்து நிற்கும் நிலையிலிருந்தே உடற்கூற்று நூலார் எல்லா அசைவையும் அளக்கிறார்கள். அந்நிலையைத் தரையில் கிடத்தினால் ஏறக்குறைய நம் சவாசனம். வகுப்பின் முடிவுக்கென்று வைத்திருக்கும் அந்த ஆசனத்தில் முதல் நாள் மாணவர்களைக் கிடத்தி, ஒரு முழங்காலை மார்பை நோக்கி மெல்ல மடக்கச் சொல்லி, தொடை எங்கே மடிகிறதோ அங்கே அவர்களையே விரலை வைக்கச் சொல்லி, "இதுதான் இடுப்பு மூட்டு, நாளை முதல் நான் குனியச் சொன்னால் இங்கிருந்து குனியுங்கள்" என்று ஆசிரியர் சொல்லட்டும்.