இருதலையும் தரிசுநிலமும்

“ஐயா, இருதலைப் பாம்பு கோடி ரூபா பெறுமாமே, மெய்யா?” என்று மாணவன் ஒருவன் அண்மையில் என்னை வினவினான். கைப்பேசியிற் கண்ட காட்சியொன்று அவனை அவ்வாறு வினவச் செய்தது. பாம்பினைப் பற்றித் தமிழாசிரியன் பேசுவானேன் என நகைப்பாரும் உளர். ஆயினும் இது பிழைபட்ட சொல்லொன்றால் விளைந்த கேடு. ஆதலின் சொல்லை ஓதுவிப்போர் இதனைப் பேசுதல் தகும்.

இந்தியாவின் வறள்நிலங்களில் வாழும் செம்மண்ணுளிப் பாம்பினையே மக்கள் இருதலை மணியன் என்பர். உண்மையில் அதற்குத் தலை ஒன்றே. வால் கூராது மழுங்கித் தலைபோலத் தோன்றும். பகை நேர்ந்தால் அது தலையை உடற்சுருளுள் மறைத்து, வாலை உயர்த்திக் காட்டும். உயிர்காக்க அமைந்த அவ்வியல்பே அதற்குக் கூற்றாயிற்று. பாம்பாட்டிகள் வாலிற் கண்ணும் வாயும் போல வடுச்செய்து காட்டினர். அதனை வைத்திருப்பார்க்குச் செல்வம் பெருகும், தீராப்பிணி தீரும் என்னும் கதைகள் கிளைத்தன. நிறை கூடினால் விலையும் கூடும் என்பது வணிகர் பரப்பிய மற்றொரு பொய்.

1972 ஆம் ஆண்டின் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வணிகத்தைத் தடைசெய்கின்றது. எனினும், 2016 முதல் 2021 வரை இப்பாம்புகள் கைப்பற்றப்பட்ட 172 நிகழ்ச்சிகளை ஆய்வாளர் செய்திகளிலிருந்து தொகுத்துள்ளனர். அவை 18 மாநிலங்களிலும் ஒன்றிய ஆட்சிப்பகுதி ஒன்றிலும் நிகழ்ந்தவை. அகப்பட்டவை இத்துணையாயின், அகப்படாதன எத்துணையோ! நஞ்சில்லாததும் எலிகளை உண்டு உழவர்க்கு உதவுவதுமாகிய உயிர், பொய்க்கு விலையாகின்றது.

இனி, அதன் உறைவிடத்தைப் பற்றிய சொல்லொன்றும் நோக்கத்தக்கது. மண்ணுளி தளர்ந்த மண்ணிற் புதைந்திருந்து இரை பற்றுவது. மணலே அதற்கு மனை. இந்திய அரசு 2000 ஆம் ஆண்டு முதலாக வெளியிட்டுள்ள தரிசுநிலப் படத்தொகுதிகளோ, புதர்நிலங்களையும் மணற்பரப்புகளையும் தரிசின் வகைகளாகவே எண்ணுகின்றன. தார்ப் பாலையிற் சூரியவொளி மின்னிலையங்கள் பரவியுள்ளன. மின்வலு வேண்டாவென்பார் யாருமிலர். ஆனால் உயிர் வாழும் நிலத்தை வெற்றிடமெனக் கொண்டு இடந்தேர்தல் பிழை. நம் முன்னோர் பாலைக்கும் விலங்கும் புள்ளும் மரமும் கருப்பொருளாக வகுத்தனர். வறண்டதென்றனரேயன்றி வெறிதென்றாரல்லர்.

இஃது அயலார் குற்றமென்று நாம் அமைந்திருத்தற்கும் இடமில்லை. கரடான செதில்களையுடைய மற்றொரு மண்ணுளியினம் இலங்கையின் வடபால் வறள்பகுதிகளில் வாழ்கின்றது. அதன் உடற்புள்ளிகளைக் கண்டு புடையனென மயங்கி அடித்துக் கொல்வர். அங்கே இல்லாத தலையைச் சொல்லி விற்கின்றனர். இங்கே இல்லாத நஞ்சைச் சொல்லிக் கொல்கின்றோம். வடபுலக் கரைகளின் மணலகழ்வு பற்றிய முறையீடும் பல்லாண்டாகக் கேட்கின்றது. வடமராட்சியின் மணற்காடு என்னும் ஊர்ப்பெயரில் மணலும் காடும் ஒருங்கே நிற்கின்றன. அப்பெயரையேனும் நாம் கருதிப் பார்த்தோமா?

சட்டம் வணிகனைத் தண்டிக்கும்; நம்பிக்கையைத் திருத்துதல் பள்ளிக்கூடத்தின் கடன். அம்மாணவனுக்கு, “தலை ஒன்றே, நஞ்சு இல்லை, கோடி என்பது பொய்” என்றேன். “அப்படியாயின் அதனை ஏன் பிடிக்கின்றார்கள்?” என்று மீண்டும் வினவினான். அவ்வினாவை அவன் தன் வீட்டிலும் எழுப்புவானாயின், அன்றைய பாடம் வீண்போகாது.