நத்தைமேல் ஏற்றியது யார்?

இந்திய அரசியல் கேலிச்சித்திரத்தின் தந்தை என்று சங்கரைக் கொண்டாடுகிறார்கள். 1932இல் இந்துஸ்தான் டைம்ஸ் நாளேட்டில் சேர்ந்தார். 1948இல் சங்கர்ஸ் வீக்லி என்று சொந்த இதழ் தொடங்கினார். 1956இல் பத்மஸ்ரீ, 1966இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண். என்னையும் விட்டுவைக்காதீர்கள் என்று நேருவே அவரிடம் கேட்டுக்கொண்டாராம். அவர் அஞ்சாதவர் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள்.

பிரதமரே கேட்டுக்கொண்ட பிறகு பிரதமரை வரைய என்ன துணிச்சல் வேண்டும்? நெருக்கடி நிலை வந்த 1975இல் சங்கரின் இதழ் நின்றது. அடுத்த ஆண்டே, அதே ஆட்சி அவருக்குப் பத்மவிபூஷண் கொடுத்தது. அந்தத் தூரிகையின் தரத்தை எடைபோட நேருவின் படங்கள் போதாது. அதிகார வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரை அது எப்படி வரைந்தது என்று பார்க்க வேண்டும்.

1949 ஆகஸ்ட் 28 தேதியிட்ட படத்தை எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பு என்று பெயரிட்ட நத்தைமேல் அண்ணல் அம்பேத்கர் கையில் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. வேலை தாமதமாகிறதாம், அதைத்தான் சங்கர் கிண்டலடித்தாராம்.

தாமதத்துக்கு யார் காரணம்? அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு 1947 ஆகஸ்ட் 29 அன்றுதான் அமைக்கப்பட்டது. 1948 பிப்ரவரியிலேயே வரைவு தயார். அதற்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 திருத்தங்கள் அவையில் முன்மொழியப்பட்டன. குழுவின் நிலையை 1948 நவம்பர் 5 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவையிலேயே சொன்னார்: ஏழு உறுப்பினர்களில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்கா போனார், மற்றவர்களும் வேறு வேலைகளில் இருந்தார்கள். கடைசியில் மொத்தச் சுமையும் அம்பேத்கர் தோளில்தான் விழுந்தது. இவ்வளவும் வெளிப்படையாகப் பேசப்பட்ட பிறகுதான், பத்து மாதம் கழித்து, அந்தப் படம் வந்தது. படம் வந்த மூன்றே மாதத்தில், நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு ஏற்கப்பட்டுவிட்டது.

வேலையைத் தூக்கிச் சுமந்தவரைச் சோம்பேறியாக்கி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பார்ப்பனத் தலைவர் கையில் சாட்டையைக் கொடுப்பது வெறும் நகைச்சுவையா? தலைமுறை தலைமுறையாகச் சாட்டையடி பட்ட மக்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. சிரிக்க முடிந்தவர்கள் யார் என்பதுதான் நம் கேள்வி.

இது சங்கர் என்ற ஒரு தனிமனிதரின் குறை மட்டுமல்ல. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகர் தொடங்கிய 'கேசரி'. அன்றைய செய்தி அறைகள் அப்படித்தான் இருந்தன. யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று முடிவுசெய்யும் மேசையில் நம்மவர் ஒருவரும் இல்லை.

2012இல் தேசியப் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இந்தப் படம் இருப்பதை எதிர்த்துத் தோழர் திருமாவளவன் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பினார். உடனே கருத்துச் சுதந்திரம் செத்துவிட்டதென்று அழுதார்கள். பாடநூல் ஆலோசகர் சுகாஸ் பல்சீகரின் அலுவலகம் தாக்கப்பட்டதை நாமும் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தாக்குதலையே காட்டிக் காட்டி, எழுப்பப்பட்ட கேள்வியைக் கவனமாகப் புதைத்தார்கள். அரசோ மன்னிப்புக் கேட்டு, படத்தை நீக்குவதாக அறிவித்துக் கைகழுவியது.

அந்தக் கேள்வியைத் தோண்டியெடுத்தவர் உன்னமதி சியாம் சுந்தர். தானும் கேலிச்சித்திரம் வரைபவர். 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகள் அம்பேத்கரைக் கேலிசெய்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தேடித் தொகுத்தார். 2019இல் அது நவயானா வெளியீடாக வந்தது. படத்தை அவர் மறைக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நடந்த வரலாற்றை எழுதிவைத்தார். வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது: நத்தைப் படம் தவறிப்போய் வந்த ஒன்றல்ல. சங்கரோடு ஆர்.கே. லட்சுமணும் அந்த வரிசையில் இருக்கிறார்.

படத்தைத் தடைசெய்யச் சொல்லி நாம் கேட்கவில்லை. பாடநூலில் போடுவதென்றால், பக்கத்திலேயே அந்த 7,635 திருத்தங்களையும், காலியாகக் கிடந்த குழு நாற்காலிகளையும், மூக்நாயக்குக்கு மறுக்கப்பட்ட விளம்பரத்தையும் போடுங்கள். மாணவர்கள் படித்துவிட்டு முடிவுசெய்யட்டும்.

இளம் தோழர்களே, இனி யாராவது ஒரு கேலிச்சித்திரக்காரரை அஞ்சாதவர் என்று புகழ்ந்தால், அவர் வாங்கிய விருதுகளை எண்ணாதீர்கள். அவர் யாரை, எந்த நேரத்தில், யாருக்காக வரைந்தார் என்று கேளுங்கள். தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள் கேட்பதோடு நிற்காமல் வரையவும் தொடங்குங்கள்.